பிரித்துப் போட்ட பிறகு வரும் மாதங்கள்

பழைய வண்டியைச் சீர்செய்யும் வேலை தொடக்கத்தில் நின்றுபோவது அபூர்வம். முடியும் தறுவாயில் நிற்பதும் அபூர்வம். நடுவில்தான் நிற்கிறது. சட்டம் சுவரில் சாய்ந்திருக்கும், இஞ்சின் ஒரு சாக்கின் மேல் கிடக்கும், போல்ட்டும் நட்டும் மைலோ டின்னில் துருவேறும். கெடாவின் பாடாங் செராயிலிருந்து லூனாஸ், கூலிம் பக்கமோ வடக்கே சுங்கைப்பட்டாணி பக்கமோ போய், தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறிவந்த குடும்பங்களின் பின்கட்டுகளை எட்டிப் பாருங்கள். இப்படிப் பாதியில் நிற்கும் ஹோண்டா கப்சாய் ஒன்றாவது கண்ணில் படும். முக்கால்வாசி வீட்டில் அது அப்பாவின் வண்டி. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனதும், பால் வாளியைச் சுமந்ததும், பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்கியதும் அதே வண்டிதான். அதை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட மனம் வராது. எழுப்பி ஓட்டவும் முடியாமல் வருடங்கள் போகும்.

இந்த வண்டிக்காரர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கூலிம் ஹைடெக் பார்க்கில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்பானரை எடுக்கிறவனிடம் உழைப்புக்குக் குறைவில்லை. கோளாறு வேலையின் வரிசையில் இருக்கிறது. மாதக்கணக்கில் உழைத்தும் கண்ணுக்கோ காதுக்கோ ஒன்றும் தெரியாத மாதிரி வேலையை அடுக்கிக்கொண்டால் எப்படிப்பட்ட ஆளுக்கும் கை சோர்ந்துவிடும். ஆகவே இந்த அத்தியாயத்தில் மன உறுதியைப் பற்றி அறிவுரை சொல்லப்போவதில்லை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்றுதான் பேசப்போகிறேன். உதாரணத்துக்கு 6 வோல்ட் ஹோண்டா சி70 வண்டியை எடுத்துக்கொள்கிறேன். இந்த வட்டாரத்தில் அதிகம் எழுப்பப்படுவது அதுதான்.

முதலில் காகிதம்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் கிராண்டை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, தேடி எடுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போகிறதா என்று துரு சுரண்டிப் பாருங்கள். தோட்டத்து வண்டிகளில் இஞ்சின் மாறியிருப்பது சகஜம். ஒன்று பழுதானால் இன்னொரு வண்டியின் இஞ்சினைத் தூக்கி வைத்து ஓட்டியிருப்பார்கள். வண்டி இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்தால், பெயர் மாற்றத்துக்கு வாரிசு ஆவணம் வேண்டும். அமானா ராயா, நில அலுவலகம், நீதிமன்றம் ஆகியவற்றில் உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று விசாரித்து அந்த வேலையை இன்றே தொடங்கிவிடுங்கள். வண்டி பிரிந்து கிடக்கும் மாதங்களில் காகிதம் தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருக்கட்டும்.

இதற்கும் ஊக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெயின்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு, இது சாலையில் ஏறவே முடியாத வண்டி என்று தெரிந்தால் வரும் சோர்விலிருந்து மீள்வது கடினம். அதோடு, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிந்த நிறம் கருநீலம் என்றால் சிவப்பு அடிப்பதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள். நிறம் மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும்.

பிரிப்பதற்கு முன் ஒரு சத்தம்

வாங்கிய வாரத்திலேயே வண்டியைக் கடைசி ஸ்குரூ வரை பிரித்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரே பகலில் முடிகிற வேலை அது. பார்க்கப் பெரிதாக இருக்கும், செலவும் இல்லை. அந்த ஒரு பகல்தான் பின்னால் வரும் சோர்வுக்கெல்லாம் காரணம். பிரிக்காதீர்கள். முதலில் இஞ்சினிலிருந்து ஒரு சத்தத்தை வாங்குங்கள்.

நெடுநாள் நின்ற வண்டியைக் கிக்கர் மிதித்து எழுப்பக் கூடாது. பிஸ்டன் ரிங் துருவேறி சிலிண்டர் போரில் ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயும் இஞ்சின் எண்ணெயும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஊறவிட வேண்டும். சி70யின் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் முன்னோக்கி இருப்பதால் எண்ணெய் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும். முன்சக்கரத்தை நன்றாகத் தூக்கி நிறுத்தினால் பிஸ்டன் தலை முழுவதும் நனையும். சில நாள் கழித்து, மேக்னட் நட்டில் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி வெற்றி. அசையாவிட்டால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை.

அடுத்தது பொறி. பழைய 6 வோல்ட் வண்டியில் மேக்னட்டே பிளக்குக்கு மின்சாரம் தருவதால், பேட்டரி செத்திருந்தாலும் இஞ்சின் ஓடும். மேக்னட் தகட்டின் துளை வழியே தெரியும் பாய்ண்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, திறக்கும் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிளக்கை இஞ்சின் தலையில் சாய்த்து வைத்து மிதித்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். பிளக் துளையில் பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் அதைத் துடைத்துக் காயவிடுங்கள். கார்புரேட்டரைத் திறந்தால் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து ஜெட்டை அடைத்திருக்கும். ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். டேங்க்கை இப்போதைக்கு விட்டுவிடலாம். சிறிய புட்டியில் புதுப் பெட்ரோல் ஊற்றிக் குழாய் வழியாகக் கொடுத்தால் போதும்.

பின்கட்டில் அந்த இஞ்சின் அரை நிமிடம் புகையோடு முனகினாலும் வீட்டில் எல்லாம் மாறிவிடும். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பார். தலையில் அடித்துக்கொண்டிருந்த மனைவி வாசற்படியில் வந்து நிற்பார். பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அப்பாவோட வண்டியா தம்பி?" என்பார். அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு அது தேவைப்படும்.

தோட்டத்து வண்டிக்கென்று சில நோய்கள்

பட்டணத்து வண்டியைப் பற்றி எழுதிய வழிகாட்டிகள் இதைச் சொல்லமாட்டா. ஆனால் நம் வட்டாரத்து வண்டிகளில் மனம் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பால்மரத் தோட்டத்தில் பால் உறையாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள். உறைய வைக்க பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். செம்பனைக்கும் மரத்துக்கும் போட்ட உரத்தில் அமோனியம் சல்பேட் உண்டு. மூன்றும் ஏதோ ஒரு காலத்தில் உங்கள் அப்பாவின் கேரியரில் பயணம் செய்திருக்கும், வழியில் சிந்தியும் இருக்கும். அமிலமும் உரமும் இரும்பைத் தின்னும். அமோனியா செம்பையும் பித்தளையையும் தாக்கும். அதனால்தான் வெளியே பளபளப்பாகத் தெரியும் வண்டியில்கூட வயர் முனைகள் பச்சை பூத்து, தொட்டதும் உதிர்கின்றன. சி70யின் சட்டம் தகட்டை அழுத்திச் செய்த கூடு. பேட்டரிப் பெட்டிக்குக் கீழேயும், சீட்டுக்கு அடியிலும், பின் மட்கார்டின் உள்மடிப்பிலும் செம்மண் அப்பி ஈரம் காயாமல் நிற்கும். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே சல்லடையாகியிருக்கும்.

இந்த மூன்று இடங்களையும் முதல் வாரத்திலேயே குத்திப் பார்த்துவிடுங்கள். கெட்ட செய்தி முன்கூட்டியே தெரிந்தால் அது ஒரு வேலை. பாதியில் தெரிந்தால் அதிர்ச்சி. சட்டம் வெல்டிங்குக்குப் போக வேண்டுமென்றால் அதற்கான பணத்தையும் காலத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். வயரிங்கைப் பொறுத்தவரை என் தீர்ப்பு கண்டிப்பானது. பச்சை பூத்த பழைய வயர்க்கட்டை ஒட்டுப்போட்டு மீட்க முயலாமல் முழுதாகப் புதியதை வாங்கிப் போடுங்கள். ஒட்டுப்போட்ட வயரிங் ஓடும் வண்டியை மழையில் நிறுத்தும். நிற்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஆசையில் கொஞ்சம் போகும்.

சாமான் கிடைப்பதில் நமக்குக் கொடுப்பினை உண்டு. பினாங்கில் மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கிய லோ பூன் சியூ 1958இல் மலாயாவுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தார். ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். 2017இல், சி70யும் சேர்ந்த சூப்பர் கப் குடும்பத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. அதனால் பிஸ்டனோ கேஸ்கட்டோ பிரேக் சூவோ கிடைக்காமல் நம் வேலை நிற்க வேண்டியதில்லை. போர் தேய்ந்திருந்தாலும் 0.25 மில்லிமீட்டர் படிகளில் பெரிய பிஸ்டன்கள் வருகின்றன. 47 மில்லிமீட்டர் போரை ஒரு படி கடைந்து பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இரண்டு தடவை பூட்டுங்கள்

சத்தம் கேட்ட பிறகும் முழுதாகப் பிரிக்க வேண்டாம். ஒரு பகுதியைக் கழற்றி, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டிய பிறகே அடுத்த பகுதியைத் தொடுங்கள். முன்சக்கரமும் பிரேக்கும் முடிந்தால் பின்சக்கரமும் செயினும். அதன் பிறகு வயரிங், டேங்க். இப்படிப் போனால் எந்தச் சனிக்கிழமையிலும் தரையில் கிடப்பது ஒரு பகுதி மட்டுமே. மீதி வண்டி வண்டியாகவே நிற்கும்.

எல்லாம் முடிந்து, பழைய சொரசொரத்த பெயின்ட்டோடு வண்டி நகர வேண்டும். வீட்டு வளாகத்துக்குள் முதல் கியரில் பத்தடி போனாலும் போதும். அதற்குப் பிறகுதான் பெயின்ட்டுக்காகப் பிரிப்பது. இது இரட்டை வேலை என்று அனுபவமுள்ள போர்மேன்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கணக்கில் அது சரி. அவர்களுக்குக் கூலி நேரம் முக்கியம். உங்களுக்கோ வண்டி ஓடும் என்ற நிச்சயம் முக்கியம். ஓடிய வண்டியை இரண்டாவது முறை பிரிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது என்று கைக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு இளம் வயதில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்தும் பூட்டியும்தான் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார். திரும்பப் பூட்டிப் பார்க்காத பிரிப்பில் கல்வி பாதிதான்.

கருவி பற்றி ஒரு சொல். ஜப்பானிய வண்டிகளின் சிலுவைத் தலை ஸ்குரூக்கள் ஜப்பானியத் தர அளவில் செய்தவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினால் வழுக்கி, தலை மழுங்கிவிடும். மழுங்கிய ஒரு ஸ்குரூ ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும். ஜப்பானிய அளவுள்ள டிரைவர் ஒன்றும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். பெயின்ட்டுக்கு முந்தின அவசியச் செலவு இது.

வெளி வேலை, மழை, பெயின்ட்

போர் கடைவதும் குரோம் பூசுவதும் ரிம் கோணல் எடுப்பதும் வெளியாள் வேலை. புக்கிட் மெர்தாஜாமுக்கோ பட்டர்வொர்த்துக்கோ கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். "அடுத்த வாரம்" என்ற பதில் பல வாரம் வரும். இந்தக் காத்திருப்பில்தான் பல வண்டிகள் சாகின்றன. ஆகவே வெளி வேலை ஒன்று போகும்போது வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். சிலிண்டர் கடைசலில் இருக்கும் வாரங்களில் டேங்க் துருவை வினிகரில் ஊறவைத்து எடுக்கலாம், ஸ்போக் துடைக்கலாம், சீட் உறை தைக்கக் கொடுக்கலாம். கொடுப்பதையெல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்காராதீர்கள்.

பெயின்ட்டுக்கு நம் ஊர் வானிலைதான் எஜமான். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் தகடு குளிர்ந்து அதன்மேல் ஈரம் படிந்து, பளபளப்புக்குப் பதில் வெள்ளைப் பனி மூடியது போலாகிவிடும். கெடாவில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட காலம். பால்மரம் இலையுதிர்த்துப் பால் குறையும் காலமும் அதையொட்டியே வரும். இன்னும் மரம் வெட்டுகிறவர்களுக்குக் கையில் நேரம் இருக்கும், பணம்தான் இருக்காது. ஆகவே பெயின்ட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. செப்டம்பருக்குப் பிறகு வரும் மழை மாதங்களை இஞ்சினுக்கும் வயரிங்குக்கும் ஒதுக்குங்கள். "தீபாவளிக்குள் முடிக்கிறேன்" என்று வீட்டில் சொல்லாதீர்கள். அடைமழையில் அவசரமாக அடித்த பெயின்ட்டை அடுத்த வருடம் சுரண்ட வேண்டிவரும். ஆயுத பூசைக்கு அரைகுறை வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு மற்ற வண்டிகளோடு வரிசையில் நிறுத்துங்கள். அது உயிரோடிருக்கும் வண்டி என்று வீட்டார் அன்றைக்கு ஒப்புக்கொள்வார்கள்.

எவ்வளவு பளபளப்பு வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். கண்காட்சிக்குப் போகும் வண்டிக்கும் காலையில் பாசாருக்குப் போகும் வண்டிக்கும் வேலை ஒன்றல்ல. பாதியில் இலக்கை உயர்த்திக்கொண்டே போகிறவர் எதையும் முடிப்பதில்லை. அப்பாவின் வண்டி என்றால் என் மனம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. துருவை நிறுத்துங்கள், உடைந்ததை மாற்றுங்கள், ஆனால் பால் வாளி உரசி உரசிக் கேரியரில் விழுந்த தழும்பைப் பட்டி பூசி மறைக்காதீர்கள். கடையில் வாங்க முடியாதது அது ஒன்றுதான்.

பணமும் மனிதர்களும்

நீராவி இஞ்சின்களைப் பற்றிய ஒரு செய்தி இங்கே உதவும். பிரிட்டனில் பெப்பர்கார்ன் ஏ1 வகை இரயில் இஞ்சின்கள் 49உம் எடைக்குப் போய்விட்டன. ஒன்றாவது திரும்ப ஓட வேண்டும் என்று 1990இல் சிலர் ஓர் அறக்கட்டளை தொடங்கி, புதிதாகவே ஒன்றைக் கட்டினார்கள். அவர்கள் ஆதரவாளர்களிடம் கேட்டது வாரம் ஒரு குவளை பீருக்கு ஆகும் விலை. 18 ஆண்டுகள் கழித்து, 2008இல், டொர்னாடோ என்ற அந்த இஞ்சின் தன் நீராவியில் நகர்ந்தது. வேலையை அத்தனை ஆண்டு உயிரோடு வைத்திருந்தது தவறாமல் வந்த சிறு தொகை.

நீங்களும் மாதம் 50 வெள்ளியோ 80 வெள்ளியோ, முடிந்ததை, வண்டிக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். மனைவிக்குத் தெரிந்தே எடுங்கள். விலையை மறைத்து வாங்கிய கார்புரேட்டர் ஒருநாள் வெளியே வரும், அதோடு வண்டியும் வீட்டைவிட்டு வெளியே போகும். பணம் குறைந்த மாதத்தில் செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். போனஸ் வந்த மாதத்தில் எல்லா சாமானையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். குவிந்த சாமான் துருப்பிடிக்கும், எது எதற்கு என்று மறந்தும் போகும்.

"எப்ப தம்பி ஓடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனதோடு கேட்டாலும் அந்தக் கேள்வி குத்தும். "இந்த மாசம் பின் பிரேக் வேல அண்ணே" என்று பதில் சொல்லப் பழகுங்கள். கேட்டவருக்கும் ஒரு பிடி கிடைக்கும். அடுத்த மாதம் பிரேக்கைப் பற்றித்தான் விசாரிப்பார். வயதான ஆள் ஒருவரையாவது இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 70களிலும் 80களிலும் இதே வண்டியைத் தோட்டத்துப் பாதையில் ஓட்டி, வழியில் நின்றபோது கையில் கிடைத்ததை வைத்துச் சரிசெய்த பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வீட்டுக்கு அழைத்து, நாற்காலி போட்டு, தே தாரேக் வாங்கிக் கொடுங்கள். பாய்ண்ட் வைப்பதை அவர்கள் காது சொல்லும்.

நிறுத்திவைக்க வேண்டி வந்தால்

குழந்தை பிறக்கும், வேலை போகும், அம்மா மருத்துவமனையில் இருப்பார். அப்போது வண்டியை நிறுத்துவது குற்றமில்லை. ஆனால் ஒழுங்காக நிறுத்துங்கள். பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இஞ்சினைக் கையால் சுற்றி, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை வடித்துவிடுங்கள். வெறும் இரும்பில் எண்ணெய் தடவுங்கள். துணியால் மூடுங்கள், பிளாஸ்டிக் விரிப்பு உள்ளே ஈரத்தைப் பூட்டிவைக்கும். ஒவ்வொரு பொட்டலத்திலும் அது எந்த இடத்துச் சாமான் என்று எழுதி, கடைசியாக ஓர் அட்டையில் அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை எழுதி ஹேண்டிலில் கட்டிவிடுங்கள். "கிளட்ச் கவர் கேஸ்கட் மாற்று" என்பது போல, அரை மணியில் முடிகிற வேலையாக இருக்கட்டும். எட்டு மாதம் கழித்து வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்ற குழப்பம் இருக்காது.

நீண்ட நிறுத்தம் முடிவாகிவிடாது. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த பேரி குவீன் என்ற இரயில் இஞ்சின் 1909இல் ஓய்வு பெற்றது. சென்னை பெரம்பூர் இரயில் பட்டறையின் தொழிலாளர்கள் அதைச் சீர்செய்து 1997இல் மறுபடி தண்டவாளத்தில் ஓடவைத்தார்கள். அடுத்த ஆண்டே, வழக்கமான ஓட்டத்தில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி இஞ்சின் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதே வயதுடைய ஈ.ஐ.ஆர். 21 இஞ்சினும் நூறாண்டு காட்சிப்பொருளாக நின்ற பிறகு, 2010இல் அதே பட்டறையில் உயிர் பெற்றது.

சாலையில் ஏறும் நாள்

காப்புறுதி எடுத்து, சாலை வரி கட்டிய பிறகே சாலையில் ஏற்றுங்கள். 150 சிசி வரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டு வரி 2 வெள்ளிதான். முதல் ஓட்டத்துக்கு முன் இரண்டு பிரேக்கையும் நின்ற இடத்திலும், பிறகு தள்ளிக்கொண்டு போயும் சோதியுங்கள். புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்குத் திராட்டிலை முழுதாகத் திருகாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் போகவும் வேண்டாம். சிறு தூரம் போய்விட்டு இஞ்சினை ஆறவிடுங்கள். பிறகு எண்ணெயை மாற்றி, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டாப்பெட் இடைவெளியைப் பார்த்து, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தளர்ந்ததை இறுக்குங்கள். ஹெட் நட்டுகளையும் அப்போதே சரிபாருங்கள்.